ஒரு செப்புக்காசின் பெறுமதி: யூதத் திருமணச் சடங்குகளும் அதற்கான பரிசுகளும்

யூதத் திருமணத்தில் மணமகன் மணமகளின் விரலில் இடும் மோதிரத்தில் வைரமோ வேறெந்தக் கல்லோ பதித்திருக்கக் கூடாது என்பது பழைய விதி. கல் பதித்த மோதிரத்தின் உண்மையான மதிப்பைப் பார்த்தவுடன் கணித்துவிட முடியாது. கண்ணாடிக் கல்லை வைரம் என்று நம்பி ஒரு பெண் சம்மதித்துவிட்டால், அந்தச் சம்மதமே தவறான எண்ணத்தின் மேல் நின்றுவிடும். எனவே மோதிரம் பொன்னாயினும் வெள்ளியாயினும் வெறும் வளையமாக, மதிப்பு வெளிப்படையாகத் தெரியும்படி இருக்க வேண்டும் என்று யூதச் சட்ட அறிஞர்கள் வகுத்தார்கள். யூதத் திருமணத்தைப் புரிந்துகொள்ள இந்தச் சிறிய விதியிலிருந்து தொடங்குவதே நல்லது என்று எண்ணுகிறேன். அந்த மணப்பந்தலில் கைமாறும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை உண்டு. அழகு அந்த வேலையின் மேல் சேர்க்கப்படுவது. அத்தகைய மணவிழாவுக்குப் பரிசு தேர்ந்தெடுப்பவரும் இதே வழியில் சிந்தித்தால் பெரும்பாலும் பிழை நேராது.

சுமார் கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பு, மணவுறவு பணத்தாலோ ஆவணத்தாலோ உடலுறவாலோ ஏற்படலாம் என்று கூறுகிறது. பணம் என்றால் எவ்வளவு என்ற கேள்வியில் இரண்டு பெரும் கல்விமரபுகள் கருத்து வேறுபட்டன. ஷம்மாயின் மரபினர் ஒரு வெள்ளித் தினார் வேண்டும் என்றனர். ஹில்லேலின் மரபினர் ஒரு பெரூத்தா போதும் என்றனர். பெரூத்தா என்பது அக்காலத்தில் புழங்கிய மிகச் சிறிய செப்புக்காசு. நிலைபெற்றது ஹில்லேல் மரபினரின் தீர்ப்பே. பிற்காலத்தில் காசின் இடத்துக்கு மோதிரம் வந்தபோதும் அளவுகோல் மாறவில்லை: ஒரு செப்புக்காசு பெறுமானால் அந்த மோதிரம் செல்லும். ஏழையின் திருமணத்துக்கும் செல்வந்தரின் திருமணத்துக்கும் சட்டத்தின் முன் ஒரே தகுதியைக் கொடுத்த இந்தத் தீர்ப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

மோதிரம் மணமகனின் சொந்த உடைமையாக இருக்க வேண்டும். தாயின் மோதிரத்தை அணிவிக்க விரும்பினால், தாய் அதை முன்னதாகவே மகனுக்கு முழு உரிமையுடன் கொடுத்துவிட வேண்டும், இரவல் செல்லாது. மணமக்களுக்கோ ஒருவருக்கொருவரோ உறவில்லாத இரு சாட்சிகள் பார்த்துக்கொண்டிருக்க, மணமகன் அதை மணமகளின் வலக்கை ஆள்காட்டி விரலில் இட்டு, "இந்த மோதிரத்தால், மோசே, இஸ்ரவேல் ஆகியோரின் சட்டப்படி, நீ எனக்கென்று புனிதப்படுத்தப்பட்டவள்" என்ற எபிரேய வாக்கியத்தைச் சொல்கிறான். ஆள்காட்டி விரலே எல்லோர் கண்ணிலும் எளிதில் படுவது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். சடங்கு முடிந்தபின் மணமகள் அதைத் தான் விரும்பும் விரலுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சட்டம் இவ்வளவு எளிமையைக் கேட்டாலும் கைவினைஞரின் கற்பனை அடங்கிக் கிடக்கவில்லை. ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரில் 1998-இல் நடந்த அகழாய்வில், 1349-ஆம் ஆண்டின் யூத எதிர்ப்புப் படுகொலைகளின்போது புதைத்து வைக்கப்பட்டதாகக் கருதப்படும் புதையல் ஒன்று கிடைத்தது. அதிலிருந்த பொன் மணமோதிரம் இன்று அந்நகரின் பழைய ஜெப ஆலயத்தில் காட்சிக்கு இருக்கிறது. வளையத்தின் உச்சியில் கோதிக் பாணியில் ஒரு சின்னஞ்சிறு கோபுர வீடு எழுந்து நிற்கிறது. அதன் கூரையில் 'மஸல் தோவ்' என்னும் வாழ்த்தின் ஆறு எபிரேய எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அந்த வீடு மணமக்கள் அமைக்கப்போகும் இல்லத்தையும், எருசலேமின் அழிந்துபோன ஆலயத்தையும் ஒருசேரக் குறிப்பதாகக் கொள்வர். அன்றாடம் அணிந்து வேலை செய்ய முடியாத அளவுக்குப் பெரிய மோதிரம், மணநாளுக்கென்றே செய்யப்பட்டது. இவ்வளவு வேலைப்பாட்டிலும் அதில் ஒரு கல்கூட இல்லை.

மணமகளின் கையில் சேரும் ஆவணம்

யூதத் திருமணம் இரண்டு கட்டங்களைக் கொண்டது. மோதிரம் இடுவதுடன் முடியும் முதற்கட்டத்துக்குக் கித்தூஷின் என்று பெயர்; புனிதப்படுத்துதல் என்பது அதன் பொருள். விதானத்தின் கீழ் ஏழு ஆசிகள் ஓதி இருவரும் இல்லறத்துக்குள் புகுவது நிசூயின் என்னும் இரண்டாம் கட்டம். பழங்காலத்தில் இவ்விரண்டுக்கும் இடையே ஓராண்டு வரை இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் பெண் தந்தை வீட்டிலேயே இருந்தாலும் சட்டப்படி மணமானவள் என்பதால், மணமகன் வணிகத்துக்குச் சென்று திரும்பாமற்போனால் அவள் நிலை பெருந்துயரமாகிவிடும். பின்னாளில், வரலாற்றின் இடைக்காலத்தில், யூதச் சமூகங்கள் இரு கட்டங்களையும் ஒரே நாளில், ஒரே விதானத்தின் கீழ் சேர்த்துவிட்டன. இரண்டும் வேறுவேறு என்பதைக் காட்டுவதற்காக, நடுவில் கெத்துபா என்னும் மண ஆவணம் உரக்க வாசிக்கப்படுகிறது.

'கெத்துபா' என்றால் எழுதப்பட்டது என்று பொருள். அதன் மொழி எபிரேயத்தின் உடன்பிறப்பான அரமேயம். ஒரு காலத்தில் மக்கள் அன்றாடம் பேசிய மொழி அதுவே. காதல் மொழிகள் அதில் இல்லை. மணமகன் தன் மனைவிக்கு உணவும் உடையும் இல்லறக் கடமையும் அளிப்பான் என்பதும், மணவிலக்கு நேர்ந்தாலோ அவன் இறந்துவிட்டாலோ அவளுக்குச் சேர வேண்டிய தொகை இன்னது என்பதும், அதற்கு அவன் சொத்தெல்லாம் பொறுப்பு என்பதுமே அதன் உள்ளடக்கம். முதன்முறை மணம் செய்யும் பெண்ணுக்கு 200 சூஸ் என்னும் வெள்ளிக்காசுகள், கைம்பெண்ணுக்கு 100 சூஸ் என்று மிஷ்னா குறைந்த அளவை வகுத்தது. 200 சூஸ் கையிருப்பு உள்ளவர் ஏழைகளுக்கென்று வயலில் விடப்படும் கதிர்களைப் பொறுக்கக் கூடாது என்று அதே மிஷ்னா வேறோர் இடத்தில் சொல்வதைச் சேர்த்துப் பார்த்தால், அந்தத் தொகையின் நோக்கம் விளங்கும்: தனித்துவிடப்படும் பெண் பிறரை அண்டி நிற்கக் கூடாது.

எழுதி வைக்கும் இந்தப் பழக்கம் மிஷ்னாவுக்கும் முந்தையது. நைல் நதியின் எலிபெண்டைன் தீவில் குடியிருந்த யூதப் படையினரின் மண ஒப்பந்தங்கள் கி.மு. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் ஏடுகளாகக் கிடைத்துள்ளன. கி.மு. 449-இல் அனனியா என்பவருக்கும் தாமேத் என்னும் அடிமைப் பெண்ணுக்கும் எழுதப்பட்ட அரமேய ஒப்பந்தம் இப்போது நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் உள்ளது. அவள் கொண்டுவந்த பொருள்களாக ஒரு கம்பளி ஆடையும் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியும் ஒரு ஜோடிச் செருப்பும் சிறிது எண்ணெயும் அதில் பட்டியலிடப்பட்டுள்ளன. ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அடிமைப் பெண்ணின் செருப்புக்கும் கணக்கு எழுதி வைத்த அந்த எழுத்தரை நினைத்தால் நெஞ்சு நெகிழ்கிறது. சாக்கடல் அருகே ஒரு குகையில் 1961-இல் கண்டெடுக்கப்பட்ட பாபாதா என்னும் பெண்ணின் ஆவணக் கட்டிலும் அவளுடைய கெத்துபா இருந்தது, கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கலகத்துக்கு அஞ்சி ஓடியபோதும் அவள் அதைக் கைவிடவில்லை.

மணநாளன்று, விதானத்துக்குச் செல்லும் முன், மணமகன் ரபி என்னும் யூதச் சமய குருவின் கையிலிருந்து ஒரு கைக்குட்டையையோ அதுபோன்ற சிறு பொருளையோ வாங்கி உயர்த்தித் தன் கடமைகளை ஏற்றுக்கொள்கிறான். சாட்சிகள் கையொப்பமிடுகிறார்கள். பின்னர் விதானத்தின் கீழ் வாசித்து முடித்ததும் அந்த ஆவணம் மணமகளிடம் கொடுக்கப்படுகிறது. அது அவளுடைய சொத்து. கெத்துபா தொலைந்துவிட்டால் புதிய ஒன்றை எழுதிக்கொள்ளும் வரை தம்பதியர் சேர்ந்து வாழக் கூடாது என்னும் அளவுக்கு அதற்கு முக்கியத்துவம் உண்டு. இன்று சீர்திருத்த மரபைச் சேர்ந்த பலர் இருவரின் கடமைகளையும் சமமாகச் சொல்லும் புதிய வாசகங்களை எழுதிக்கொள்கிறார்கள். இருவரும் மோதிரம் மாற்றிக்கொள்வதும் அவர்களிடம் வழக்கம்.

விதானத்தின் கீழ்

மரபு வழுவாத குடும்பங்களில் மணமக்கள் அன்று விடிந்ததிலிருந்து நோன்பு இருப்பார்கள். அந்நாள் அவர்களுக்குப் பாவமன்னிப்பு நாளைப் போன்றது. ஓய்வுநாளான சனிக்கிழமையிலும் பெருவிழாக்களிலும் திருமணம் நடைபெறாது. பாஸ்காவுக்குப் பிந்தைய வாரங்களில் துக்கம் காக்கும் பகுதியிலும், ஆலயம் அழிந்ததை நினைவுகூரும் கோடைகால மூன்று வாரங்களிலும் தவிர்ப்பார்கள். செவ்வாய்க்கிழமைக்குத் தனி மதிப்பு உண்டு: விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமத்தில் படைப்பின் மூன்றாம் நாளைப் பற்றிச் சொல்லும்போது 'நல்லது என்று கண்டார்' என்ற சொல் இருமுறை வருகிறது.

முதலில் முக்காடு இடும் சடங்கு. அமர்ந்திருக்கும் மணமகளிடம் மணமகன் வந்து அவள் முகத்தைப் பார்த்து முக்காட்டை இறக்கிவிடுகிறான். ராகேலை மணப்பதாக எண்ணி லேயாளை மணந்த யாக்கோபின் கதையை இதனுடன் இணைத்துச் சொல்வார்கள். ஈசாக்கைக் கண்டதும் ரெபெக்காள் முக்காடு இட்டுக்கொண்டதையும் நினைவுகூர்வார்கள். ரெபெக்காளை வழியனுப்பியபோது அவள் வீட்டார் சொன்ன 'கோடாகோடியாகப் பெருகுவாயாக' என்ற வாழ்த்தே இங்கு மணமகளுக்கும் சொல்லப்படுகிறது.

ஹுப்பா என்னும் விதானம் நான்கு கழிகளின் மேல் விரித்த ஒரு துணிதான். சில குடும்பங்களில் தல்லீத் என்னும் தொழுகைப் போர்வையையே விரித்துவிடுவார்கள். பக்கங்கள் எல்லாம் திறந்திருக்கும். மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களான அஷ்கெனாசியர், சந்ததி விண்மீன்களைப் போலப் பெருக வேண்டும் என்ற எண்ணத்தில் இதைத் திறந்த வானத்தின் கீழ் அமைக்க விரும்புவர். அவர்களில் மணமகள் மணமகனை மூன்று முறையோ ஏழு முறையோ சுற்றி வருவாள். ஸ்பெயின் வழிவந்த யூதர்களான செபராதியரிடம் இவ்வழக்கம் பொதுவாக இல்லை. முதற் கிண்ணத் திராட்சரசத்தின் மேல் ஆசி, மோதிரம், கெத்துபா வாசிப்பு, இரண்டாம் கிண்ணத்தின் மேல் ஏழு ஆசிகள் என்று நிகழ்வுகள் விரைவாக நடந்துவிடும். ஏழு ஆசிகள் மனிதனின் படைப்பில் தொடங்கி, சீயோனின் மீட்சியைத் தொட்டு, எருசலேமின் வீதிகளில் மணமகனின் குரலும் மணமகளின் குரலும் மீண்டும் கேட்கட்டும் என்ற எரேமியா தீர்க்கதரிசியின் சொற்களில் முடிகின்றன. இவற்றை ஓதக் குறைந்தது பத்துப் பேர் கொண்ட சபை வேண்டும்.

இறுதியில் கண்ணாடி. துணியில் சுற்றிய ஒரு கண்ணாடிக் கிண்ணம் மணமகனின் காலடியில் வைக்கப்படுகிறது. கூட்டம் பேச்சை நிறுத்துகிறது. சில சபைகளில் 'எருசலேமே, நான் உன்னை மறந்தால்' என்று தொடங்கும், விவிலியத்தின் சங்கீத நூல் வரிகள் அந்த நொடியில் பாடப்படும். காலால் ஓங்கி மிதித்ததும் நொறுங்கும் ஓசை எழ, அடுத்த கணமே 'மஸல் தோவ்!' என்ற கூவலும் இசையும் வெடிக்கின்றன. கி.பி. 70-இல் ரோமர்கள் அழித்த எருசலேம் ஆலயத்தின் நினைவு இது என்பதே இன்று எல்லோரும் சொல்லும் விளக்கம். மிஷ்னாவின் மேல் எழுந்த விவாதங்களின் தொகுப்பான தல்மூதில் இதற்கு மூலமாகக் காட்டப்படும் கதை சற்று வேறானது. ரவினாவின் மகன் மார் என்னும் அறிஞர் தன் மகனின் திருமணத்தில் விருந்தினர் அளவுகடந்து களித்திருப்பதைக் கண்டு, 400 சூஸ் மதிப்புள்ள கிண்ணத்தைக் கொண்டுவரச் சொல்லி அவர்கள் முன் உடைத்தார்; கூட்டம் அமைதியானது. 200 சூஸ் ஒரு மணமகளின் கெத்துபாத் தொகை என்பதை நினைவில் வைத்தால், அவர் உடைத்தது இரண்டு மணமகள்களின் பாதுகாப்புக்கு ஈடான பொருள் என்று தெரியும். மகிழ்ச்சியின் உச்சத்தில் இழப்பை நினைக்க வைக்க, உடைவது உண்மையிலேயே இழப்பாக இருக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியின் தென்பகுதியில் 18-ஆம் நூற்றாண்டு ஜெப ஆலயங்கள் சிலவற்றின் வெளிச்சுவரில், மணமகன் கண்ணாடியை எறிந்து உடைப்பதற்கென்றே விண்மீன் வடிவம் செதுக்கிய கல் பதிக்கப்பட்டிருந்தது.

ஆரவாரத்தின் நடுவே மணமக்கள் ஒரு தனியறைக்குச் சென்று கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். வெளியே சாட்சிகள் காவல் நிற்க, உள்ளே இருவரும் சில நிமிடம் தனித்திருந்து நோன்பை முடிக்கிறார்கள். பிறகுதான் விருந்து. தொடர்ந்து வரும் ஏழு நாட்களும் உறவினர் வீடுகளில் விருந்து நடக்கும். திருமணத்துக்கு வராத புதுமுகம் ஒருவராவது பந்தியில் இருந்தால்தான் ஏழு ஆசிகளை மீண்டும் ஓத முடியும் என்பது விதி. திருமணத்தைத் தவறவிட்டவரும் அதனால் இங்கு வேண்டப்பட்டவர் ஆகிறார். எனக்கு மிகவும் பிடித்த விதி இதுவே.

சமூகத்துக்குச் சமூகம் வழக்கங்கள் விரிவாக மாறும். ஏமன், மொராக்கோ யூதர்களிடம் மணநாளுக்கு முன் மருதாணி இரவு உண்டு. மகாராஷ்டிரத்தின் பெனே இஸ்ரவேல் யூதர்களிடமும் அது உண்டு. நமக்கு அருகிலேயே, கொச்சி யூதர்களிடம் மோதிரத்துடன் மணமகளுக்குத் தாலியும் இருந்தது. மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தில் பேணப்படும் செப்பேடுகள், ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு வழங்கியவை; வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட அவற்றில் பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, பறை, தோரணம் ஆகிய சிறப்புரிமைகள் வருகின்றன. பாவாடை என்பது இங்கே நடைபாதையில் விரிக்கும் துணி. தமிழ் வாசகருக்கு உரை இல்லாமலே பாதி விளங்கும் சொற்கள் அவை.

பரிசு எதுவாக இருக்கலாம்

மணமக்களை மகிழ்விப்பது யூத மரபில் கட்டளை. மணமகனை மகிழ்விப்பவர் எருசலேமின் இடிபாடுகளில் ஒன்றைக் கட்டி எழுப்பியவரைப் போன்றவர் என்று தல்மூத் சொல்கிறது. எனவே பரிசு கொடுப்பவர் ஒரு கடமையில் பங்கேற்கிறார். எந்தப் பரிசு என்பதில் இன்னொரு தல்மூதுக் கருத்து வழிகாட்டுகிறது. கட்டளையை நிறைவேற்றும் கருவி அழகாக இருக்க வேண்டும். அதற்காக மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதலாகச் செலவிடலாம் என்று அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். முதலில் கருவி தகுதியானதாக இருக்க வேண்டும். அழகுக்கான செலவு அதன்பின் வரும். கடைகளில் கண்ணைப் பறிக்கும் பல பொருள்கள் இந்த முதல் நிபந்தனையிலேயே தவறிவிடுகின்றன.

இதற்குச் சிறந்த சான்று மெசூசா. வீட்டு வாசலின் வலப்பக்க நிலைக்காலில் பொருத்தப்படும் நீளமான சிறு உறையைப் பலர் மெசூசா என்று நினைக்கிறார்கள். உண்மையில் மெசூசா என்பது உறைக்குள் சுருட்டி வைக்கப்படும் தோல்சுருள். உண்பதற்கு அனுமதிக்கப்பட்ட விலங்கின் தோலைப் பதப்படுத்தி, பயிற்சி பெற்ற எழுத்தர் இறகு எழுதுகோலால் உபாகமம் என்னும் விவிலிய நூலின் இரண்டு பகுதிகளை 22 வரிகளில் 713 எழுத்துகளாக எழுதுகிறார். எழுத்துகளை வரிசை பிறழாமல் எழுத வேண்டும். பத்தாம் வரிக்கு வந்தபின் மூன்றாம் வரியில் ஓர் எழுத்து விட்டுப்போனதைக் கண்டால், அதை இடையில் சேர்த்துச் சரிசெய்ய முடியாது. ஓர் எழுத்து அடுத்ததைத் தொட்டுவிட்டாலும் சுருள் செல்லாது. அச்சிட்ட தாள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது மெசூசா ஆகாது. ஆகவே மெசூசா பரிசளிக்க விரும்புபவர் கலைநயமான உறையை மட்டும் வாங்கி, சுருளை மணமக்கள் தங்களுக்கு நம்பிக்கையான எழுத்தரிடமிருந்து பெற்றுக்கொள்ளும்படி விட்டுவிடலாம். இல்லையெனில் ரபி ஒருவரிடம் கேட்டு, சரிபார்த்த சுருளுடன் சேர்த்தே கொடுக்கலாம். உறைக்குள் சுருள் நெருக்கமின்றி அடங்குமா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். மடித்துத் திணித்தால் எழுத்து உதிரும்.

ஓய்வுநாளுக்கான பொருள்கள் வாரந்தோறும் கைக்கு வருபவை என்பதால், ஐயம் உள்ளவர்களுக்கு அவற்றையே நான் முதலில் பரிந்துரைப்பேன். வெள்ளிக்கிழமை மாலை கதிரவன் மறையும் முன் இல்லத்தரசி இரண்டு விளக்குகளை ஏற்றுகிறாள். ஓய்வுநாளை 'நினை' என்றும் 'கைக்கொள்' என்றும் பத்துக் கட்டளைகள் இருமுறை வருவதை அவ்விரண்டும் குறிக்கும். அதற்கான மெழுகுவர்த்தித் தாங்கிகள் எந்தப் பிரிவினருக்கும் பொருந்தும் பரிசு. ஓய்வுநாளைத் தொடங்கிவைக்கும் ஆசிக்கான கித்தூஷ் கிண்ணமும் அவ்வாறே. ஆனால் வாங்கும்போது கொள்ளளவைக் கேட்க வேண்டும். ஆசி ஓதும் கிண்ணம் ஒரு குறிப்பிட்ட அளவு திராட்சரசமாவது கொள்ள வேண்டும். அதைச் சிலர் 86 மில்லிலிட்டர் என்றும், கண்டிப்பான கணக்கினர் சுமார் 150 மில்லிலிட்டர் என்றும் கொள்கிறார்கள். மருந்து குடிக்கும் கிண்ணம்போல் சிறியதாக இருந்தால் அது அலமாரிக்குத்தான் போகும். வெள்ளிப் பொருளில் 925 என்ற முத்திரை இருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு தூய வெள்ளி என்று பொருள்; முலாம் பூசியதில் அந்த முத்திரை இராது. ஏமன் யூதத் தட்டார்களின் கம்பிச் சித்திர வேலைப்பாட்டுக்குத் தனிப்புகழ் உண்டு. எருசலேமில் 1906-இல் தொடங்கப்பட்ட பெசலேல் கலைப்பள்ளியில் அவர்களின் கைத்திறன் புதிய வடிவங்களுடன் சேர்ந்தது.

பின்னிச் சுட்ட ஹாலா ரொட்டி இரண்டை மேசையில் வைத்து ஒரு துணியால் மூடுவது வழக்கம். ஆசி முதலில் திராட்சரசத்துக்குப் போய்விடுவதால் ரொட்டி வெட்கப்படாமலிருக்க மூடுகிறோம் என்று குழந்தைகளுக்குச் சொல்வார்கள். கைவேலை செய்த மூடுதுணி, ரொட்டிப் பலகை, உப்புக் கிண்ணம் ஆகியவை அதிகச் செலவில்லாத, நிச்சயம் பயன்படும் பரிசுகள். சனிக்கிழமை இரவு ஓய்வுநாளை வழியனுப்பும் ஹவ்தலாவுக்கு வாசனைப் பெட்டியும் பல திரிகள் பின்னிய மெழுகுவர்த்தியும் வேண்டும். கோபுர வடிவ வாசனைப் பெட்டிகள் ஐரோப்பிய யூதர்களின் பழைய கலைவடிவம். பாஸ்கா தட்டும் ஒன்பது சுடர் கொண்ட ஹனுக்கா விளக்கும் ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வருபவை. அவற்றை இன்னொருவர் ஏற்கெனவே கொடுத்திருக்கக்கூடும் என்பதால் கேட்டு வாங்குவது நல்லது.

தல்லீத் போர்வை மட்டும் பொது விருந்தினர் கொடுக்கும் பரிசு அல்ல. அஷ்கெனாசியரில் பல குடும்பங்களில் ஆண் திருமணத்துக்குப் பிறகே அதைப் போர்த்தத் தொடங்குகிறான்; அது மணமகளோ அவள் வீட்டாரோ கொடுப்பது. நான்கு முனைகளிலும் எட்டெட்டாக 32 இழைகள் தொங்கும். எபிரேயத்தில் எழுத்துகளே எண்களும் ஆகும். 'இதயம்' என்னும் சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் 32 வரும். அந்தக் கணக்கைச் சொல்லி மகிழாத மணமகள் அரிது.

பணம் கொடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை. இஸ்ரேலில் பெரும்பாலோர் உறையில் பணமோ காசோலையோதான் கொடுக்கிறார்கள். அமெரிக்க யூதர்களிடையே தொகை 18-இன் மடங்காக இருப்பது வழக்கம்: 36, 54, 180 என்று. 'உயிர்' என்னும் பொருள் தரும் எபிரேயச் சொல்லின் எழுத்துகள் 18 ஆகக் கூடுவதே காரணம். நாம் 101 என்று ஒற்றைப்படையாக மொய் வைப்பதை அறிந்தவர்களுக்கு இந்த மனம் உடனே புரியும். வசதியற்ற மணமகளின் திருமணச் செலவுக்கு உதவும் அறநிதிகளுக்கு மணமக்களின் பெயரால் கொடுப்பதும் பழமையான, மிக உயர்ந்த பரிசு.

தவிர்க்க வேண்டியவை சில உண்டு. உணவு விதிகளைக் காக்கும் வீட்டுக்குச் சான்று இல்லாத திராட்சரசமோ வீட்டில் செய்த பலகாரமோ கொண்டுபோக வேண்டாம். அன்போடு வாங்கிக்கொண்டாலும் அவர்களால் உண்ண முடியாது. பிற சமயச் சின்னங்கள் பொறித்த பொருள்கள் சங்கடம் தரும். உணவுக்கான உலோக, கண்ணாடிப் பாத்திரங்கள் யூதரல்லாதவரிடமிருந்து வந்தால், முதற்பயன்பாட்டுக்கு முன் அவற்றைச் சடங்குக் குளத்தில் முக்கி எடுப்பார்கள். அதனால் தண்ணீர் பட்டால் கெடக்கூடிய மரப்பிடியோ ஒட்டுவேலையோ உள்ள கிண்ணத்தைத் தவிர்க்கலாம். பரிசை முக்கி எடுப்பதை அறிந்து வருந்த வேண்டியதும் இல்லை. பரிசுப்பொருளை ஓய்வுநாளில் கொண்டுபோய்க் கொடுக்காமல், முந்தைய வாரமே வீட்டுக்கு அனுப்பிவிடுவது நயமான செயல்.

நினைவுப்பொருள்களில் விருந்தினர் வீட்டுக்குக் கொண்டுசெல்வதும் உண்டு. உணவுக்குப் பிந்தைய நன்றி மன்றாட்டு அச்சிட்ட சிறு கையேட்டை அஷ்கெனாசியர் பெஞ்சர் என்பார்கள். அதன் அட்டையில் மணமக்களின் பெயரும் எபிரேய நாளும் இருக்கும். ஆண்டுகள் கழித்து ஓர் ஓய்வுநாள் மேசையில் கையேடுகளை எடுத்து வைக்கும்போது, எத்தனையோ திருமணங்களின் பெயர்கள் கலந்து கையில் வரும். தலைக்குல்லாவின் உட்புறத்திலும் இவ்வாறே பெயர் பொறிப்பார்கள்.

கெத்துபாவைச் சட்டமிடும் செலவை ஏற்பதும் நெருங்கிய நண்பர்கள் கொடுக்கக்கூடிய அருமையான பரிசு. இத்தாலியில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பூவேலையும் தூண்களும் உருவங்களும் தீட்டிய தோல் கெத்துபாக்கள் எழுதப்பட்டன; இன்றும் ஓவியர்கள் அவ்வழியில் வரைகிறார்கள். சட்டமிடுபவரிடம் அமிலமற்ற அட்டையையும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியையும் கேட்க வேண்டும்; பிளாஸ்டிக் உறையில் வெப்பமேற்றி ஒட்டிவிடக் கூடாது; வெயில் படும் சுவரில் மாட்டினால் மை வெளுக்கும். சில குடும்பங்களில் மூல ஆவணத்தை மணமகளின் தாயிடம் கொடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, சுவருக்கு நகல் எடுத்துக்கொள்வார்கள்.

உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பாதுகாப்பது அண்மைக்கால வழக்கம். அவற்றை மெசூசா உறையின் ஓரத்திலோ கித்தூஷ் கிண்ணத்தின் தண்டிலோ பதித்துத் தரும் கலைஞர்கள் இருக்கிறார்கள். நிறக் கண்ணாடியே இதற்கு ஏற்றது. ஓசைக்காக மின்விளக்குக் குமிழை உடைப்பவர்களுக்கு மெல்லிய சிதிலங்களே மிஞ்சும். கண்ணாடியைச் சுற்றத் தடித்த, நெருக்கமாகத் தைத்த துணிப்பையை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, மிதித்தவுடன் அந்தப் பையை அப்படியே எடுத்து வைக்க நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவைக்க வேண்டும். இல்லாவிட்டால், ஆடல் தொடங்கிய சில நிமிடங்களில் மண்டபத்தைப் பெருக்குபவர்கள் அதைக் குப்பையோடு கொண்டுபோய்விடுவார்கள்.